மார்க்கிலிருந்து டப்ளின் கோருக்கு: பொருத்தப் பட்டியலை ஆள் போடுவதா, நிரல் போடுவதா?

செல்லரித்த ஏடு (தொடக்கப் பதிவு)

சிறிய நூலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பழைய பட்டியல் கோஹா என்ற நூலக மென்பொருளில், மார்க் 21 வடிவத்தில் (ஒவ்வொரு விவரத்துக்கும் எண்ணிட்ட புலம் வைக்கும் நூற்பட்டியல் முறை) இருக்கிறது. ஸ்கேன் செய்த நூல்களை இப்போது டிஸ்பேஸ் என்ற மின்னூலக மென்பொருளில் ஏற்றுகிறோம். அங்கே எல்லாம் டப்ளின் கோர், எண்ணுக்குப் பதில் பெயரிட்ட புலங்கள் கொண்ட விவர முறை. மார்க்கின் எந்தப் புலம் டப்ளின் கோரின் எந்தப் புலத்துக்குப் போகிறது என்று ஒரு பொருத்தப் பட்டியல் வேண்டும்.

"அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் ஏற்கெனவே ஒன்று போட்டு வைத்திருக்கிறதே, அதை அப்படியே எடுத்துக்கொள்" என்றார் மேலாளர். எடுத்து 20 நூல்களுக்குப் போட்டுப் பார்த்தேன். தலைப்பு வருகிறது, பதிப்பகம் வருகிறது, ஆசிரியர் பெயர் மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஆசிரியர் பெயர் இருக்கும் 100-ஆம் புலத்தை ஒழுங்காக கிரியேட்டர் (படைத்தவர்) புலத்துக்குத்தான் அனுப்பினேன். எங்கே தவறு? இரண்டு தரவு முறைகளை ஒப்பிட்டுப் பொருத்த நீங்கள் எந்த வழியில் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

பைதான் பாண்டி

ஆசிரியர் காணாமல் போனதற்குக் காரணம் எளிது. டிஸ்பேஸ் ஆசிரியர் பெயரை கிரியேட்டரில் வைப்பதில்லை, 'கான்ட்ரிபியூட்டர்.ஆத்தர்' (பங்களித்தவர், ஆசிரியர்) என்ற புலத்தில் வைக்கிறது. கிரியேட்டர் என்று ஒன்று அதன் புலப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து அறுவடை செய்த (மற்றக் களஞ்சியங்களிலிருந்து தானாகத் திரட்டிய) தரவுக்கு மட்டும்தான் என்று பக்கத்திலேயே குறிப்பும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், மற்ற நூலகங்கள் உங்களிடமிருந்து அறுவடை செய்யும்போது அதே ஆத்தரை கிரியேட்டராக மாற்றித்தான் டிஸ்பேஸ் கொடுக்கும்.

இதற்காகத்தான் சொல்கிறேன், கையால் பட்டியல் போடுவது வீண் வேலை. இரண்டு பக்கத்துப் புலப் பெயர்களையும் விளக்கங்களையும் நிரலிடம் கொடுங்கள், எழுத்து ஒற்றுமை, பொருள் ஒற்றுமை இரண்டையும் பார்த்து மதிப்பெண் போட்டு ஜோடி சேர்த்துத் தரும். இப்போது ஏஐ வேறு இருக்கிறது. அரை நாள் வேலை.

நூலகப் பூனை

பாண்டி, உங்கள் நிரல் தேதிக்குத் தேதி என்று ஜோடி சேர்க்கும். மார்க்கில் 005-உம் தேதிதான், பதிவைக் கடைசியாகத் திருத்திய தேதி. 008-இன் முதல் ஆறு இடங்களும் தேதிதான், பதிவு உருவான நாள். நூல் அச்சான ஆண்டு அதே 008-இல் 7-ஆம் இடத்திலிருந்து தொடங்குகிறது. வெளியீட்டு விவரப் புலங்களான 260-இலோ 264-இலோ எழுத்தாகவும் இருக்கும். டிஸ்பேஸ் பக்கம் போனால் வெளியிட்ட தேதி, உள்ளே வந்த தேதி, பார்வைக்கு வந்த தேதி. பெயர் ஒற்றுமையில் எல்லாமே ஒரே மதிப்பெண் வாங்கும்.

இது சின்ன விஷயம். பெரியது வேறு. கலித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள், 1887-இல் சி. வை. தாமோதரம்பிள்ளை அச்சிட்ட பதிப்பு. பாடியவர்கள் பல புலவர்கள். தொகுத்தவர் நல்லந்துவனார் என்பது மரபு. உரை நச்சினார்க்கினியர். ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை. மார்க்கில் ஒவ்வொருவரையும் கூடுதல் பெயர்களுக்கான 700-ஆம் புலத்தில் போட்டு, பக்கத்தில் தொகுப்பாளர், உரையாசிரியர், பதிப்பாசிரியர் என்று பொறுப்பையும் எழுதலாம். அதற்கென்றே குறியீட்டுப் பட்டியல் இருக்கிறது, உரையாசிரியருக்குக்கூடத் தனிக் குறியீடு உண்டு. 15 புலங்களே உள்ள எளிய டப்ளின் கோருக்குப் போனால் நச்சினார்க்கினியர் ஒரு கான்ட்ரிபியூட்டர். ஸ்கேனரில் பக்கம் புரட்டிய பையனின் பெயரைப் போட்டால் அவனும் கான்ட்ரிபியூட்டர்.

இதை எந்த மதிப்பெண் காட்டும்? 700-க்கும் கான்ட்ரிபியூட்டருக்கும் பொருத்தம் அமோகம் என்றுதான் உங்கள் நிரல் சொல்லும். தவறும் இல்லை, சரியும் இல்லை.

பைதான் பாண்டி

அக்கா, பெயரை வைத்து மட்டும் பொருத்துவது பாலபாடம் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் கையேட்டில் இருக்கும் மார்க். செல்லரித்த ஏடு வேலை பார்க்கும் நூலகத்தில் இருக்கும் மார்க் வேறாக இருக்கும். 700-இல் பொறுப்பு எழுதியிருக்கிறார்களா என்று யார் பார்த்தீர்கள்?

நான் சொல்வது இதுதான். முதலில் ஒவ்வொரு புலத்திலும் உண்மையில் என்ன கிடக்கிறது என்று எண்ண வேண்டும். எத்தனை பதிவில் நிரம்பியிருக்கிறது, எத்தனை வகை மதிப்பு, எந்த வடிவம். தரவை அலசும் ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருளில் போட்டால் ஒரு மாலையில் தெரிந்துவிடும். நான் முன்பு செய்த ஒரு வேலையில் உரையாசிரியர் பெயர்கள் 700-இல் இல்லவே இல்லை, எல்லாம் 500-ஆம் எண் பொதுக் குறிப்பில் "பரிமேலழகர் உரையுடன்" என்று வாக்கியமாகக் கிடந்தன. வரையறையை வரையறையோடு ஒப்பிட்டு நீங்கள் போடும் பட்டியல் அங்கே 500-ஐ டிஸ்க்ரிப்ஷன் (விவரிப்பு) புலத்துக்கு அனுப்பிவிட்டுக் கையைத் தட்டிக்கொள்ளும். தரவைப் பார்த்தவனுக்குத்தான் அந்த வாக்கியத்திலிருந்து பெயரைப் பிரித்தெடுக்க வேண்டும் என்று தோன்றும்.

செல்லரித்த ஏடு

எண்ணிப் பார்த்துவிட்டேன். இருவருக்கும் பாதிப் பாதி வெற்றி. 700-இல் பெயர்கள் இருக்கின்றன, பொறுப்பு பெரும்பாலும் காலி. ஆனால் தலைப்புக்கான 245-ஆம் புலத்தின் சி துணைப்புலத்தில் நூல்முகப்பில் உள்ளதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்: "இவை இன்னாரால் பரிசோதித்து, இன்னார் உரையோடும் பதிப்பிக்கப்பட்டன" என்ற தோரணையில். நான் எடுத்த மாற்று நிரல் 245-இல் ஏ, பி முதலியவற்றை எடுத்துக்கொண்டு சி-யை விட்டுவிட்டது!

நூலகப் பூனை

அதுதான் பொக்கிஷம், அதையா விட்டது? ஏடு, சி-யைத் தனியாக ஒரு உள்ளூர்ப் புலத்தில் முழுசாகக் காப்பாற்றி வையுங்கள். பொறுப்பைப் பிறகு நிதானமாகப் பிரிக்கலாம். பிரிப்பது நிரலால் நடக்காது என்பேன். 'பதிப்பித்து' என்ற ஒரே சொல் பழைய முகப்புகளில் பாடம் ஆராய்ந்தவருக்கும் வரும், அச்சுக்கூடத்தில் அச்சிட்டவருக்கும் வரும். பதிப்பாசிரியரா வெளியீட்டாளரா என்பதை நூலைப் புரட்டிப் பார்த்த கண்தான் சொல்லும்.

நடுமுற்றம்

இருவரும் இரண்டு வீட்டுக்கு இடையில் பாலம் கட்டுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏடு, உங்களிடம் அச்சு நூல்கள் மட்டுமா?

செல்லரித்த ஏடு

இல்லை. ஓலைச்சுவடிகள், புகைப்படங்கள், கடிதங்கள், கொஞ்சம் ஒலிநாடா.

நடுமுற்றம்

நினைத்தேன். நாளைக்குக் கடிதங்களுக்கு ஈஏடி என்ற ஆவணக் காப்பக முறை வரும், சுவடிப் பாடத்துக்கு டிஇஐ என்ற உரைக் குறியீட்டு முறை வரும், அருங்காட்சியகக்காரர்கள் வேறொன்று கேட்பார்கள். ஆறு முறைகள் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் மற்றதற்கு என்று 30 பட்டியல் வேண்டும். நடுவில் ஒரு பொது மாதிரியை வைத்து, எல்லாம் அதற்கு வந்து அதிலிருந்து போனால் 12 போதும். பண்பாட்டு மரபுத் தரவுக்கான சிடாக் சிஆர்எம் என்ற மாதிரி அதற்காகவே பிறந்தது, ஐஎஸ்ஓ 21127 என்று சர்வதேசத் தரமாகவும் ஆகிவிட்டது.

அதன் அழகு என்னவென்றால், எல்லாவற்றையும் நிகழ்வாகப் பார்க்கும். சுவடியை எடுங்கள். நூலை இயற்றியது ஒரு நிகழ்வு. அந்த ஏட்டில் படியெடுத்தது இன்னொன்று. ஸ்கேன் செய்தது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனிக் காலம், தனி இடம். டப்ளின் கோரில் கிரியேட்டர் யார்? கம்பரா, ஏடு எழுதியவரா? தேதி எது? நடுவில் நிகழ்வு மாதிரி இருந்தால் இந்தச் சண்டையே வராது.

நூலகப் பூனை

சண்டை வராது, வேலை நின்றுபோகும். பட்டியலில் ஒரு சுவடிக்கு '1840' என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். படியெடுத்த ஆண்டா, நூலகத்துக்கு வந்த ஆண்டா? எழுதியவர் ஓய்வு பெற்று எங்கேயோ போய்விட்டார். டப்ளின் கோரில் வெறும் தேதி என்று போட்டு நகரலாம், தெளிவில்லாத தரவுக்குத் தெளிவில்லாத புலம். உங்கள் முற்றத்துக்குள் நுழைய வேண்டுமென்றால் எந்த நிகழ்வின் தேதி என்று சொல்லியாக வேண்டும். தெரியாததைத் தெரிந்ததாக எழுத வேண்டிவரும்.

நடுமுற்றம்

'ஏதோ ஒரு நிகழ்வு' என்று போட அதில் பொது வகை இருக்கிறது.

நூலகப் பூனை

அப்படி ஒன்பதாயிரம் 'ஏதோ ஒரு நிகழ்வு' போட்டுவிட்டு என்ன தேடுவீர்கள்?

நடுமுற்றம்

தரவு இல்லாததை மாதிரியின் தலையில் போடாதீர்கள். இருந்தாலும் சரி, இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் நடு மாதிரி அதிகப்படிதான் என்று விட்டுக்கொடுக்கிறேன். மூன்றாவது முறை வந்து கதவைத் தட்டும்போது பேசுவோம்.

செல்லரித்த ஏடு

தேதி என்றதும் ஞாபகம் வந்தது. பழைய நூல்கள் சிலவற்றில் முகப்பில் ஆங்கில ஆண்டே இல்லை. "சர்வசித்து ௵ ஆவணி ௴" என்று மட்டும் இருக்கிறது (௵ ஆண்டு, ௴ மாதம்). 260-இலும் அப்படியே எழுதியிருக்கிறார்கள். இதை என்ன செய்வது?

பைதான் பாண்டி

அறுபது பெயர் கொண்ட ஒரு அட்டவணை போட்டு மாற்றிவிடலாம். சர்வசித்து என்றால் 1887.

நூலகப் பூனை

1887 மட்டுமா? 1827-உம் சர்வசித்து, 1947-உம் சர்வசித்து, 2007-உம் சர்வசித்து. அறுபதுக்கு ஒருமுறை சுற்றி வரும். எந்தச் சுற்று என்பதை அச்சுக்கூடம், தாள், பதிப்பாசிரியர் வாழ்ந்த காலம் இவற்றைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. ஆகவே சர்வசித்து என்பது 1887 ஏப்ரல் பாதியிலிருந்து 1888 ஏப்ரல் பாதி வரை.

பைதான் பாண்டி

சரி, ஆனால் மாதம் இருந்தால் நிரலே தீர்த்துவிடும் அக்கா. சுற்று தெரிந்தபின் சித்திரையிலிருந்து கார்த்திகை வரை 1887. மாசி, பங்குனி என்றால் 1888, தையும் 1888. மார்கழி மட்டும் இரண்டு வருடத்திலும் கால் வைத்து நிற்கும், அதை மட்டும் ஆளிடம் அனுப்பலாம். மாதமே இல்லையென்றால் மார்க் 008-இல் ஐயத் தேதிக்கு 'க்யூ' என்ற குறி இருக்கிறது, இரண்டு ஆண்டையும் அடுத்தடுத்துப் போட இடமும் இருக்கிறது. தேதி எழுதும் முறைக்கான தரமான ஐஎஸ்ஓ 8601-இன், 2019-இல் வந்த இரண்டாம் பகுதியில் '[1887,1888]' என்று சதுர அடைப்புக்குள் எழுதினால் இவற்றில் ஒன்று என்று பொருள்.

செல்லரித்த ஏடு

டிஸ்பேஸின் தேதிப் புலம் ஒற்றைத் தேதியைத்தானே எதிர்பார்க்கிறது?

பைதான் பாண்டி

ஆமாம். அதில் வரிசைப்படுத்த 1887-ஐப் போட்டுவிட்டு, முகப்பில் உள்ள "சர்வசித்து ௵" என்பதைத் தனிப் புலத்தில் எழுத்தாக வையுங்கள். ஐயம் என்பது எங்காவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து 1887 என்று அடித்துப் பேசுவார்.

நூலகப் பூனை

அதையே பட்டியலிலும் செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. இரண்டு நெடுவரிசையும் நடுவில் ஓர் அம்புக்குறியும் போட்டால் அது பொருத்தப் பட்டியல் ஆகாது. மூன்றாவது நெடுவரிசை வேண்டும்: எந்த வகைப் பொருத்தம். ஸ்காஸ் என்று இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2009-இல் ஏற்ற முறையில் அதற்குச் சொற்கள் இருக்கின்றன: ஒன்றேதான், கிட்டத்தட்ட ஒன்று, அது விரிந்தது, இது விரிந்தது, தொடர்புடையது. பொருட்சொல் பட்டியல்களில் உள்ள கருத்துகளுக்காக வந்தது, புலங்களுக்கும் அந்தப் பாகுபாட்டைக் கடன் வாங்கலாம். 700-க்கு எதிரே 'அந்தப் பக்கம் விரிந்தது, பொறுப்பு தொலைகிறது' என்று எழுதி வைத்தால் அடுத்து வருபவர் ஏமாற மாட்டார்.

அதோடு, ஒன்றேதான் என்று சொன்னவற்றை மட்டும்தான் சங்கிலியாகக் கோக்கலாம். 'கிட்டத்தட்ட' என்பதை இரண்டு முறை கோத்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியாது, அதனால்தான் ஸ்காஸிலேயே அதற்கு அந்த உரிமை கிடையாது. நடுமுற்றம் கவனிக்க வேண்டிய இடம் இது. முற்றம் வழியாகப் போவதென்றால் எப்போதும் இரண்டு கண்ணி.

நடுமுற்றம்

கவனித்தேன். குத்து வாங்கிக்கொண்டேன்.

பைதான் பாண்டி

மூன்றாவது நெடுவரிசையை எதிர்க்கவில்லை. ஆனால் அதை யார் நிரப்பினாலும் அது ஒருவர் கருத்து. சோதித்துப் பார்க்க ஒரே வழி போய்த் திரும்புவது. மார்க்கிலிருந்து டப்ளின் கோருக்கு மாற்றி, அதையே மறுபடி மார்க்குக்கு மாற்றி, பழைய பதிவோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எது திரும்பி வரவில்லையோ அது தொலைந்தது. உதாரணமாக ஒலிபெயர்ப்பு: தமிழ் எழுத்து 880-ஆம் புலத்தில், ரோமன் எழுத்து 245-இல் என்று இருக்கும் பதிவில் 880-ஐ விட்டுவிட்டால், ரோமனில் புள்ளி, கோடு எதுவும் இல்லாத பழைய பதிவுகளில் அலை, அளை, அழை மூன்றும் ஒரே எழுத்துக்கோவை. எது எது என்று திரும்ப வராது.

நூலகப் பூனை

இது நல்ல சோதனை. ஆனால் போய்த் திரும்பினால் சரி என்று நினைத்துவிடாதீர்கள். தவறான இடத்தில் வைத்ததையும் அதே தவறான வழியில் திரும்ப எடுத்தால் பதிவு பத்திரமாக வந்து சேரும், நடுவில் வாசகர் தேடும்போது மட்டும் கிடைக்காது. ஏடு முதலில் சொன்ன கிரியேட்டர் கதை அதுதானே? தரவு எங்கும் தொலையவில்லை, பக்கத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பைதான் பாண்டி

...சரி, அது உண்மை. அப்படியானால் தேடல் கேள்விகளையும் சோதனையில் சேர்க்க வேண்டும். "நச்சினார்க்கினியர் உரை எழுதியவை" என்று தேடினால் வர வேண்டியவை வருகின்றனவா என்று.

செல்லரித்த ஏடு

இப்போதைக்கு இப்படித் தொடங்குகிறேன். எளிதான 50, சிக்கலான 50 என்று நூறு பதிவுகள். எக்செல்லில் மூன்றாவது நெடுவரிசை உண்டு. நாலாவதாக 'எதைப் பார்த்து முடிவு செய்தோம்' என்று ஒன்று நானே சேர்த்திருக்கிறேன், அடுத்த ஆள் என்னைத் திட்டாமல் இருக்க. 245-சி உள்ளூர்ப் புலத்துக்குப் போய்விட்டது. ஆசிரியர் பெயர்கள் பக்கத்தில் தெரியத் தொடங்கிவிட்டன.

ஒரு புதுச் சிக்கல். ஆசிரியர் பட்டியலில் எழுத்து வரிசைப்படி 'சாமிநாதையர், உ. வே.' என்று ஓரிடத்திலும் 'உ. வே. சாமிநாதையர்' என்று இன்னோரிடத்திலும் வருகிறார். 100-இன் முதல் குறியில் குடும்பப் பெயர் என்பதற்கு 1, இட்ட பெயர் என்பதற்கு 0. ஆளுக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள்.

நூலகப் பூனை

அதற்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே தொடங்கினால் பாண்டி தூங்க மாட்டார்.

பைதான் பாண்டி

தொடங்கிவிட்டேன்.