புது வேலை, இரண்டாவது குழந்தை: மகப்பேறு விடுப்பு கிடைக்குமா?

தோழிகளே, ஒரு யோசனை சொல்லுங்கள். மூத்தவளுக்கு நான்கு வயது; அடுத்த குழந்தைக்கு வீட்டில் பேசி முடிவெடுத்த நேரம் பார்த்து, கோயம்புத்தூரில் வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும், இரண்டாவது குழந்தைக்கும் சம்பளத்தோடு 26 வாரம் உண்டு என்பது சட்டம். ஆனால் புது இடத்து ஹெச்.ஆர்., "ஆறு மாத புரொபேஷன் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். அந்தப் 'பார்க்கலாம்'தான் வயிற்றைக் கலக்குகிறது.

புரொபேஷனிலேயே கர்ப்பமாகி முழு விடுப்பும் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? ஆஃபர் லெட்டரில் எழுதிக் கேட்டீர்களா? எனக்கு 34 ஆகிறது, ரொம்பத் தள்ளிப்போடவும் மனசில்லை. சேரட்டுமா, பிரசவம்வரை இங்கேயே இருக்கட்டுமா? திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.