பழைய ஆண்கள் பத்திரிகைகள்: உங்கள் கையில் முதலில் சிக்கியது எது?

நடைபாதைப் பித்தன்:
எனக்குச் சிக்கியது 'எஸ்கொயர்'. 1983-ல், மூர் மார்க்கெட் எரிந்துபோவதற்கு இரண்டு வருஷம் முன்னால், பேரம் பேசி மூன்று ரூபாய்க்கு வாங்கினேன். நாற்பதுகளில் வந்த இதழ், அட்டை கிடையாது. வர்காஸ் வரைந்த பெண் ஓவியத்துக்காகத்தான் வாங்கினேன். இந்த வயதில் மறைப்பானேன்? வீட்டுக்கு வந்து பிரித்தால், அந்தப் பக்கத்தை எவனோ ஏற்கெனவே உருவியிருக்கிறான். தையலோரம் இரண்டு விரற்கடை காகிதம்தான் மிச்சம். வேறு வழியில்லாமல் கதைகளைப் படித்தேன்.

1933-ல் சிகாகோவில் தொடங்கிய பத்திரிகை, முதல் இதழிலேயே ஹெமிங்வே எழுதினார் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்துகொண்டது. அதன் படங்களும் துணுக்குகளும் பொதுநலனுக்கு உதவாதவை என்று 1943-ல் அமெரிக்கத் தபால் துறை அதற்கிருந்த சலுகைக் கட்டணத்தைப் பறித்தது. வருஷத்துக்கு 5 லட்சம் டாலர் விவகாரம். எது நல்ல இலக்கியம் என்று தீர்மானிப்பது தபால் துறையின் வேலையில்லை என்று 1946-ல் உச்ச நீதிமன்றம் பத்திரிகையைக் காப்பாற்றியது.

கடல்தாண்டி:
'எஸ்கொயரில்' விளம்பர வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர்தான் ஹியூ ஹெஃப்னர். 5 டாலர் சம்பள உயர்வு கேட்டு, கிடைக்காமல் வெளியே வந்தவர். 1953 டிசம்பரில் மர்லின் மன்றோ அட்டையோடு 'ப்ளேபாய்' கொண்டுவந்தபோது, இரண்டாவது இதழ் வருமா என்று அவருக்கே நிச்சயமில்லை. அதனால் தேதியே போடவில்லை!

நான் பார்த்த முதல் 'ப்ளேபாயில்' ஒரு படமும் இல்லை. அமெரிக்காவில் ஒரு நூலகத்தில், பார்வையற்றோர் பிரிவில் தன்னார்வலராக இருந்தேன். ஒருநாள் திரும்பி வந்த ப்ரெயில் புத்தகங்களை அடுக்கும்போது அந்தப் பெயர் கண்ணில் பட்டது. உள்ளே வெள்ளைத் தாளும் புள்ளிகளும்தான். நான் சிரித்ததைக் கேட்டு, அதைத் திருப்பித் தந்த பெரியவர், "பேட்டிகளுக்காகத்தான் படிக்கிறேன். நான் சொன்னால் மட்டும் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள்" என்றார்.

1970 முதல் அரசுச் செலவில் வந்துகொண்டிருந்த பதிப்பு அது. 1985-ல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் கிளம்பி, அதை வெளியிட்டுவந்த நாடாளுமன்ற நூலகத்தின் (லைப்ரரி ஆஃப் காங்கிரஸ்) ஒதுக்கீட்டில் 1,03,000 டாலரை வெட்ட வைத்தார். ப்ரெயில் 'ப்ளேபாய்க்கு' ஆன செலவு சரியாக அவ்வளவுதான். பார்வையற்றோர் அமைப்பினர் வழக்குப் போட்டார்கள்; இது கருத்துச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று அடுத்த வருஷமே தீர்ப்பு வந்தது. படமில்லாத பத்திரிகையைக் கண்டு பயந்தவர்களை என்ன சொல்ல!

சின்னப்பையன்:
நமக்கு அவ்வளவு தூரமெல்லாம் எட்டவில்லை. பம்பாய் 'டெபனேர்' தான், சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில், வேட்டிகளுக்கு அடியில். வினோத் மேத்தா ஆசிரியராக இருந்த எழுபதுகளின் இதழ்கள். நடுப்பக்கத்துக்கு அவசரமாகப் புரட்டினால் குறுக்கே ஆங்கிலக் கவிதைகள் வரும். அப்போது எரிச்சல், இப்போது அந்தக் கவிதைகளைத்தான் தேடுகிறேன்.

அவ்வளவையும் சித்தி ஒரு தீபாவளிக்கு எடைக்குப் போட்டுவிட்டார். பழைய பேப்பர்காரர் அதை மட்டும் தராசில் வைக்காமல், தனியாகச் சைக்கிள் கேரியரில் செருகிக்கொண்டு போனாராம்.