பியர் ரிவ்யூவுக்குத் தமிழில் என்ன சொல்? திங்கள்கிழமைக்குள் வேண்டும்

நூலகர் எழுதியது:

நண்பர்களே, வணக்கம். முதலாண்டு மாணவர்களுக்கு நூலகத்தின் வழியாக ஆய்வுக் கட்டுரை தேடுவது எப்படி என்று நாலு பக்கக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கள்கிழமை வகுப்பு, அதற்குள் அச்சுக்குப் போக வேண்டும். தரவுத்தளம், ஆய்விதழ், குறிச்சொல், ஆய்வுச் சுருக்கம் எல்லாம் சிக்கலில்லாமல் வந்துவிட்டன, பியர் ரிவ்யூவில் மாட்டிக்கொண்டேன். இதுவரை "சக மதிப்பாய்வு" என்றுதான் எழுதி வந்தேன். போன பருவத்தில் ஒரு மாணவி தன் கட்டுரை வரைவைக் கொண்டுவந்து, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த குறிப்புகளைக் காட்டி, "தோழி படித்துத் திருத்திக் கொடுத்துவிட்டாள், அப்படியென்றால் இதுவும் சக மதிப்பாய்வு பெற்றதுதானே?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பே இல்லை. எழுத்துப் பயிற்சி வகுப்பில் மாணவர்கள் ஒருவர் வரைவை மற்றவர் படிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான். ஆனால் கையேட்டில் நான் சொல்ல வேண்டியது வேறு. இதழாசிரியர் கட்டுரையை அதே துறைக்காரர்கள் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார், அவர்கள் முறையையும் முடிவையும் சோதிக்கிறார்கள், தேறினால்தான் அச்சேறும். சொல்லைப் பார்த்ததும் இது புரிய வேண்டும். உதவுங்கள்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

அம்மா, முதலில் அந்தச் "சக"வை விடுங்கள், அது வடசொல். ஆங்கிலத்துப் பியருக்கு மூலம் லத்தீனில் "சமம்" என்று பொருள்படும் சொல். நம்மிடம் ஒப்பு, நிகர், இணை என்று எத்தனை இருக்கின்றன! என் முன்மொழிவு "ஒப்பார் ஆய்வு", ஒப்பார் என்றால் சமமானவர். ஒப்பாரி நினைவுக்கு வருகிறதே என்று தயங்க வேண்டாம். வள்ளுவர் கயவரைப் பற்றி "அவரன்ன ஒப்பாரி யாங்கண்ட தில்" என்கிறாரே (குறள் 1071), அங்கே ஒப்பாரி என்றால் ஒப்புமை, அழுகை இல்லை. இறந்தவரை இன்னாருக்கு ஒப்பானவர் என்று சொல்லிச் சொல்லி அழுததால்தான் அந்தப் பாட்டுக்கே அப்பெயர் வந்தது என்பது என் கருத்து. ஒப்பு என்ற வேர் பரந்தது. ஒப்புதல், ஒப்பந்தம், ஒப்பனை, ஒப்புரவு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள், சமம் என்ற கருத்து எப்படிக் கிளைவிடுகிறது என்று தெரியும். ஒப்புரவைப் பற்றித் தனி மடலே எழுதலாம்.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, வேர் சரி. ஆனால் வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், "ஒப்பாராய்வு" என்று சேர்ந்துதான் வரும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அது ஒப்பாரியாகத்தான் கேட்கும், குறள் எண்ணைச் சொல்லியா புரியவைப்பது? சுருக்கி ஒப்பாய்வு என்றாலோ அது இரண்டு இலக்கியங்களை ஒப்பிடும் ஆய்வுக்கு ஏற்கெனவே போய்விட்டது. "சக" எனக்கு உறுத்தவில்லை, சக பயணி, சக ஊழியர் என்று எல்லாரும் சொல்வதுதான். நூலகர் சொன்ன குழப்பம்தான் உறுத்துகிறது.

சங்க இலக்கிய வாசகர் எழுதியது:

சொல்லை லத்தீனில் ஏன் தேட வேண்டும்? தொல்காப்பியப் பாயிரத்தையே எடுங்கள். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்து, அதங்கோட்டாசான் என்ற புலவருக்குத் தொல்காப்பியர் "அரில்தபத் தெரிந்து" தன் நூலைக் காட்டியதாகப் பாயிரம் எழுதிய பனம்பாரனார் சொல்கிறார். அறிந்தவர்கள் முன் வைத்து, குற்றம் நீங்க விளக்கி, பிறகு வெளியிடுவது. கையேட்டில் சொல்ல வேண்டியதும் இதுதானே? அரில் என்றால் பின்னிக் கிடக்கும் புதர், அதிலிருந்துதான் குற்றம் என்ற பொருளும் வந்திருக்க வேண்டும். கட்டுரையில் சிக்கிக் கிடப்பதைப் பிரித்தெடுப்பதற்கு இதைவிடப் பொருத்தமான படிமம் கிடைக்குமா? "அரிலாய்வு" என்பேன். கடினம் என்றால் "அவையாய்வு". அவை ஏற்ற கட்டுரை, அவையேறிய இதழ் என்று வினையும் இயல்பாக வருகிறது பாருங்கள்.

அறிவியல் வரலாறு கற்பிப்பவர் எழுதியது:

அவை அழகான சொல், ஆனால் நடப்பது அவையில் இல்லையே. அதங்கோட்டாசான் முகம் தெரிய உட்கார்ந்து கேட்டவர். இங்கே மதிப்பாய்வாளர் பெயர் பெரும்பாலும் எழுதியவருக்கே தெரியாது, சில இதழ்களில் எழுதியவர் பெயர் அவருக்கும் தெரியாது. வழக்கமும் நாம் நினைக்கிற அளவுக்குப் பழையது இல்லை. லண்டன் அரச கழகத்தின் ஆய்விதழ் தொடங்கியது 1665-இல், அப்போது எதைப் போடுவது என்பது பெரும்பாலும் ஓல்டன்பர்க் என்ற ஆசிரியர் கையில்தான். நேச்சர் இதழ் கட்டுரைகளை மதிப்பாய்வுக்கு வெளியாரிடம் அனுப்புவதைக் கட்டாய வழக்கமாக்கியது 1973-இல். 1936-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பலை பற்றி அனுப்பிய கட்டுரையை ஃபிசிகல் ரிவ்யூ ஆசிரியர் இன்னொருவருக்கு அனுப்பினார் என்று தெரிந்ததும் ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு திரும்பப் பெற்றுவிட்டார். அதில் பிழை இருந்தது நிஜம், திருத்திய வடிவம் அடுத்த ஆண்டு வேறு இதழில் வந்தது. ஆகவே சமமானவர் என்பதிலும் நான் அழுத்தம் கொடுக்க மாட்டேன், ஐன்ஸ்டைனுக்குச் சமம் யார்? பார்த்தவர் அந்தத் துறைக்காரர், அதுதான் முக்கியம். "துறையோர் மதிப்பாய்வு" என்று வைக்கலாமே.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

துறையோரை ஆய்வதா, துறையோர் ஆய்வதா? உரையாசிரியர்கள் காட்டும் "புலி கொல் யானை" நினைவுக்கு வருகிறது. கொன்றது புலியா யானையா என்று, உருபு மறைந்து சொற்கள் சேர்ந்து நிற்கும் தொகையில் தெரியாது.

மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

மருத்துவர் ஆலோசனை என்றால் மருத்துவருக்கு யாரோ சொன்ன ஆலோசனை என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை ஐயா. இடம் பொருளைக் காட்டிவிடும்.

நூலகர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒன்று சொல்ல விட்டுப்போனது, சொல் எதைத் தழுவ வேண்டும் என்பதற்கு அது முக்கியம். தரவுத்தளத் தேடல் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சிறிய கட்டம் இருக்கும், அதில் குறியிட்டால் பியர் ரிவ்யூ இதழ்கள் மட்டும் வடிகட்டி வரும். அந்தக் கட்டம் பெரும்பாலும் இதழைப் பார்க்கிறதே தவிரக் கட்டுரையைப் பார்ப்பதில்லை. அதனால் அதே இதழில் வந்த தலையங்கம், நூல் மதிப்புரை, வாசகர் கடிதம் எல்லாம் கூடவே வரும். கட்டத்தில் குறியிட்டாயிற்று என்று ஒன்றரைப் பக்க நூல் மதிப்புரையை ஆய்வுச் சான்றாகக் காட்டும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். கூகுள் ஸ்காலரிலோ அப்படி ஒரு கட்டமே கிடையாது, இதழின் சொந்தப் பக்கத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ஆகவே வெறும் "மதிப்பாய்வு இதழ்" என்று எழுதினால் புத்தக மதிப்புரைகள் வரும் இதழ் என்றே நினைப்பார்கள், யார் ஆய்ந்தார்கள் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும். இதழுக்குத் "துறையோர் மதிப்பாய்வு இதழ்", கட்டுரைக்குத் "துறையோர் ஆய்ந்து ஏற்ற கட்டுரை" என்று போடுகிறேன். திரையில் இருப்பது ஆங்கிலம் என்பதால் முதல் இடத்தில் மட்டும் "திரையில் பியர் ரிவ்யூட் என்று இருக்கும்" என்று ஒரு வரி.

சங்க இலக்கிய வாசகர் எழுதியது:

திங்கள்கிழமைக்காக ஒத்துக்கொள்கிறேன். அவையாய்வை விடவில்லை, அடுத்த பதிப்பில் ஓர் அடிக்குறிப்பாவது கொடுங்கள்.

இலக்கண ஆசிரியர் எழுதியது:

சக போனதில் மகிழ்ச்சி. புலியும் யானையும் அப்படியேதான் நிற்கின்றன, என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், தேடலில் சுருக்கம் மட்டுமல்லாமல் முழுக் கட்டுரையும் கிடைக்கும் என்பதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்? "முழுவுரை" என்றால் உரையாசிரியர் எழுதும் உரையாகிவிடும். பாடபேதத்தில் மூல வாசகம் என்ற பொருளில் வரும் பாடம்தான் சரியான சொல், "முழுப்பாடம்" என்று போடுங்கள்.

நூலகர் எழுதியது:

ஐயா, முழுப்பாடம் என்றால் பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தேடுவார்கள். "முழுக் கட்டுரை" என்று போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.