கூட்டம் கலைந்த பிறகு அதிகாரம் யார் கையில்?

கேள்வி: திருவல்லிக்கேணி வாசகர்

2017 ஜனவரி 17 அன்று மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகத் திரளத் தொடங்கிய கூட்டத்திற்குக் கட்சிக் கொடியும் இல்லை, மேடைத் தலைவரும் இல்லை. ஆயினும் 21ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் சட்டமே நிறைவேறியது. அதே 23ஆம் தேதி காலையில் காவல்துறை கடற்கரையைக் காலி செய்தது. அன்று நடுக்குப்பம் மீன் சந்தை எரிந்தது. கோரிக்கை வென்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. இப்படித் திரளும் மக்கள் ஆள்வோரை ஒரு முறை பணிய வைப்பதோடு நில்லாமல், ஆளுகின்ற வட்டத்தையே மாற்றியது உண்டா? உண்டென்றால், மெரினாவில் இல்லாத எது அங்கே இருந்தது?

மறுமொழி: அடையாறு

இலங்கையைப் பாருங்கள். எரிபொருளுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று சலித்த மக்கள், 2022 ஜூலை 9 அன்று கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்தார்கள். சில நாட்களில் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு வெளியேறிப் பதவியைத் துறந்தார். ஆனால் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தது காலிமுகத் திடலில் கூடிய மக்கள் அல்லர்; ராஜபக்சக்களின் கட்சியே வலுவாக இருந்த பழைய நாடாளுமன்றம்தான். அது தேர்ந்தெடுத்த ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியாகப் பதவியேற்ற மறுநாள், ஜூலை 22 அதிகாலையில், படையினர் திடலுக்குள் புகுந்து கூடாரங்களைப் பிரித்தெறிந்தார்கள். 2020 தேர்தலில் 3 இடங்களே பெற்ற தேசிய மக்கள் சக்தி, 2024 நவம்பரில் 225 இடங்களில் 159ஐப் பிடித்தபோதுதான் பழைய குடும்பங்களின் பிடி உண்மையில் தளர்ந்தது. அந்தக் கோபத்தை வாக்காக மாற்ற, ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த ஓர் அமைப்பு தேவைப்பட்டது. (வடக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 முதல் நடத்திவரும் போராட்டத்திற்குத் திடலின் முழக்கங்களில் எவ்வளவு இடம் கிடைத்தது என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.)

மறுமொழி: ஓட்டேரி

கடல் தாண்டிப் போகும் முன் நம் பெரம்பூர்ப் பக்கத்துப் பின்னி நிறுவனத்தின் துணி ஆலைகளையும் பார்த்துவிடலாம், ஐயா. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் போன்றோரின் முயற்சியில் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. தொழிலாளர்களை வேலை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார் என்று நிர்வாகம் நீதிமன்றம் சென்று வாடியாவுக்குத் தடையாணை வாங்கியது. அந்த வழக்கு எழுப்பிய விவாதம் 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வரை சென்றது. அந்தப் பயன் நெடுங்காலம் நின்றது. ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில், உழைப்பவர்களே சாதி இந்துக்கள் என்றும் ஆதிதிராவிடர் என்றும் பிரிந்தார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. நிர்வாகம் அந்தப் பிளவைப் பயன்படுத்திக்கொண்டது உண்மைதான். ஆனால் பிளவு ஆலை வாசலில் பிறந்ததன்று, தெருவிலிருந்தே உள்ளே வந்தது. ஆகவே ‘மக்கள்’ என்று ஒரே சொல்லால் அனைவரையும் சேர்த்துப் பேசுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

மறுமொழி: மயிலாப்பூர்

தமிழ்நாட்டிலேயே நேரடியான விடை இருக்கிறது. 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 1967இல் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தவர் அந்தப் போராட்டத்தில் முன்னின்ற மாணவர் தலைவர் பெ. சீனிவாசன், வேறுபாடு 1,285 வாக்குகள். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அரிசித் தட்டுப்பாடு மொழிக் கோபத்தோடு சேர்ந்துகொண்டது. படிப்பகம், மன்றம், தெருமுனைக் கூட்டம் என்று பல ஆண்டுகளாகப் பரவியிருந்த தி.மு.க. அதை ஏந்திக்கொண்டது. மெரினாவில் இல்லாதது இதுவே என்பேன்.

கேள்வி கேட்டவர்

நன்றி. ஆனால் தயாராக இருக்கும் கட்சியே பயனடைகிறது என்றால், பழைய மேல்தட்டின் இடத்தில் புதிய மேல்தட்டு வந்தமர்வதற்குத்தான் மக்கள் அடிபடுகிறார்களா?

மறுமொழி: ஓட்டேரி

பாதி அப்படித்தான். 1967இல் ஆட்சி மாறியது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலியை உயர்த்திக் கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் நின்ற குடும்பங்கள் அவர்களுடையவை. குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் விடுதலை செய்தது. கோட்டையில் ஆள் மாறியது தஞ்சை வயலில் எதையும் தானாக மாற்றிவிடவில்லை. 1969இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அதன் பின்னும், எழுதப்பட்ட கூலியைக் களத்துமேட்டில் கேட்டு வாங்க வேண்டியவர்கள் அதே சங்கத்தாராகவே இருந்தார்கள்.