எம்87: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

விண்நோக்கி:
எம்87 கேலக்ஸியை எட்டு அங்குலத் தொலைநோக்கியில் பார்த்தேன். கன்னி ராசியில் அது இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். வட்டமான மங்கல் ஒளி, நடுவில் மட்டும் செறிவு. விளிம்பு எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. சுருள் கைகள் இல்லை, தூசிப் பட்டை இல்லை. சுமார் 5.3 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் இத்தனை பெரிய கேலக்ஸி இப்படியா வெறுமையாகத் தெரிய வேண்டும்? அந்த ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

கருவானம்:
வெறுமை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கேமராவில் எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தேன். மஞ்சள் பூத்த ஒளிக்குள்ளிருந்து மெல்லிய நீலக் கீற்று ஒன்று நேராக வெளியே நீண்டது. முதலில் கேமராவின் கோளாறு என்றே நினைத்தேன். 1918-இல் வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் குறித்துவைத்த அதே பீற்று, கேலக்ஸியின் நடுவிலிருந்து பீறிட்டு வரும் துகள் தாரை! ஏறக்குறைய 5,000 ஒளியாண்டு நீளம். கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழல்வதால் பிறக்கும் ஒளி அது. கை நடுங்கிவிட்டது.

இரவுப்பறவை:
எனக்கு 2019 ஏப்ரல் 10தான். எம்87-இன் நடுவில் இருக்கும் கருந்துளையின் முதல் படம் திரையில் வந்தபோது அதிலிருந்த ஒளி வளையத்தைவிட அதன் நடுவில் இருந்த இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். 650 கோடி சூரியன்களின் நிறை அதற்குள் அடங்கியிருக்கிறது.

பழைய ஒளி:
பீற்றும் கருந்துளையும் இருந்தால்தான் எம்87-க்கு மதிப்பா? கருவானம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அந்த மஞ்சள் நிறமே பெரிய செய்தி. பெரும்பாலும் முதிய விண்மீன்கள். புதியவை பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயு மிகக் குறைவு. சுற்றிலும் பல்லாயிரம் கோளகக் கொத்துகள், அதாவது உருண்டையாகச் செறிந்த விண்மீன் கூட்டங்கள். நம் பால்வெளியில் சுமார் 150தான். நான் பார்த்த இரவில் பக்கத்திலிருந்த எம்86 கேலக்ஸியும் கண்ணில் பட்டது, அது நம்மை நோக்கி வருகிறது என்ற நினைப்பில் மெய் சிலிர்த்தது.

விண்நோக்கிக்கு ஒன்று சொல்கிறேன். நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். அரை மணி நேரமாவது கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். கைப்பேசியைத் தொடவே வேண்டாம், வெளிச்சம் தேவையென்றால் மங்கிய சிவப்பு விளக்கு போதும். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரமாக வைத்தால் ஒளி இன்னும் விரிந்து தெரியும். குறைந்த உருப்பெருக்கத்தில் இடத்தைப் பிடித்த பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். அப்படியே நகர்த்தி எம்84, எம்86 கேலக்ஸிகள் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள். மூன்றின் நடுச்செறிவையும் ஒப்பிட்டு, பார்த்தபடியே தாளில் வரைந்து வையுங்கள். வரையும்போதுதான் விளிம்பு எங்கே மங்குகிறது என்று கண் தேட ஆரம்பிக்கும்.