ஐகிடோ: பாயில் பறக்கிறவர் தெருவில் விழுவாரா?

நிலைக்கண்ணாடி:
இரவுப் பணி முடிந்து தனியாகத் திரும்புகிறவள் நான். தற்காப்புக்கு எதையாவது கற்கலாம் என்று தேடியதில் பக்கத்தில் அகப்பட்டது ஐகிடோ எனும் ஜப்பானியத் தற்காப்புக் கலையின் வகுப்பு ஒன்று. வெள்ளைச் சட்டையும் பாவாடை போன்ற அகலமான கறுப்புக் கால்சட்டையுமாக ஆசிரியர் கையை லேசாகத் திருப்புகிறார். மாணவர் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி விழுகிறார். பார்க்க அழகுதான். உண்மையிலேயே ஒருவன் மேலே பாய்ந்தால் இது கைகொடுக்குமா? பழகியவர்கள் சொல்லுங்கள்.

குத்துப்பை:
கைகொடுக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு ஐகிடோவைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அந்த வகுப்பில் தாக்குபவர் எப்படிக் குத்தினார் என்று கவனித்தீர்களா? ஓர் எட்டு முன்னே வைத்து, கையை நேராக நீட்டி, நீட்டிய கையோடு அப்படியே நிற்பார். ஆசிரியர் சாவகாசமாக விலகி, மணிக்கட்டைப் பிடித்து, திருப்பி, வீழ்த்துவார். அப்படிக் குத்துகிற மனிதனை நான் பார்த்ததில்லை. குத்துச்சண்டையில் முதல் நாளே சொல்லித்தருவது, நீட்டிய கை போனதைவிட வேகமாகத் தாடைக்குத் திரும்ப வேண்டும் என்பது. அந்த இடைவெளியில் மணிக்கட்டைப் பிடிப்பதாம்! பிடிக்கத் தேடிக்கொண்டிருக்கும்போதே மற்ற கை உங்கள் காதோரம் இறங்கியிருக்கும்.

ஹக்காமா:
ஐகிடோ சொல்லித்தருகிறவன் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பறந்து வரும் குத்தைப் பிடிப்பதுதான் ஐகிடோ என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? தாக்குதல் வரும் நேர்கோட்டிலிருந்து விலகி உள்ளே நுழைவது, 'அதெமி' எனும் அடியை முகத்துக்கு நேரே கொடுப்பது, அதைத் தடுக்க எதிராளி கையை உயர்த்தும்போது அந்தக் கையை வசப்படுத்துவது என்பதே வரிசை. அடியைக் கழித்துவிட்டுப் பிடியை மட்டும் பார்த்தால் நடனமாகத்தான் தெரியும்.

வரலாற்றையும் கொஞ்சம் பாருங்கள். ஐகிடோவை உருவாக்கிய மொரிஹெய் உயேஷிபா 1915இல் ஹொக்கைடோவில் தக்கேதா சோககுவைச் சந்தித்து, அவரிடம் தைத்தோ-ரியு எனும் பள்ளியின் ஜுஜுட்சு, அதாவது பழைய ஜப்பானியக் கைச்சண்டைக் கலை, கற்றவர். வாள் ஏந்தியவர்களின் கலையிலிருந்து வந்தது இது. இடுப்பு வாளை உருவவிடாமல் கையைப் பிடிப்பவனிடமிருந்து விடுபடுவது அங்கே உயிர்ப் பிரச்சினை. மணிக்கட்டுப் பிடிகள் இத்தனை இருப்பதன் காரணத்தை அங்கே தேடுங்கள். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவே 1930இல் உயேஷிபாவின் பயிற்சியைப் பார்த்து வியந்து, தம் மாணவர்களை அவரிடம் அனுப்பினார். டோக்கியோவின் கலகத் தடுப்புப் போலீசார் ஐகிடோவின் ஒரு பிரிவான யோஷின்கானைப் பயில்கிறார்கள். அவர்கள் எல்லோரும் ஏமாளிகளா?

பழைய ஜூடோ:
கானோவை இழுத்துவிட்டதால் நானும் நுழைகிறேன். அவர் அனுப்பியது யாரை? ஜூடோவில் தேறியவர்களை. யோஷின்கானை நிறுவிய கோஸோ ஷியோதா, பிற்காலத்தில் போட்டி முறையைக் கொண்டுவந்த கெஞ்சி தோமிகி, இருவருமே ஜூடோ பழகிவிட்டு உயேஷிபாவிடம் போனவர்கள். உண்மையாக எதிர்க்கிற மனிதனின் எடை கையில் எப்படிப் படும், அவன் சமநிலை எப்போது குலையும் என்பதெல்லாம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அதன் மேல் ஐகிடோ அமர்ந்தது, பலனும் கொடுத்தது. இன்றைய மாணவர் வெறும் கையோடு வந்து மேல்மாடியை மட்டும் கற்கிறார். கீழ்த்தளத்தை யார் கட்டுவது?

ஹக்காமா:
மூட்டைத் திருகி மடக்கும் எங்கள் பூட்டுகளை முழு வேகத்தில் செய்தால் மணிக்கட்டு போய்விடும், ஐயா. கூட்டாளியின் மூட்டு நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது. போட்டி வேண்டாம் என்று உயேஷிபா சொன்னதில் பொருள் இருக்கிறது.

பழைய ஜூடோ:
'ஆபத்தானது, ஆகவே முழு வேகத்தில் பழக முடியாது' என்ற இந்த வாதம் கானோ காலத்திலேயே இருந்தது. 1882இல் அவர் தம் ஜூடோப் பள்ளியான கொடோகானைத் தொடங்கியபோது பழைய ஜுஜுட்சுப் பள்ளிகளிடமும் பயங்கரமான உத்திகள் நிறைய இருந்தன. அவர் என்ன செய்தார்? ஆபத்தானவற்றை, முன்பே வகுத்த அசைவுகளை மட்டும் செய்யும் வடிவப் பயிற்சிக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை ரண்டோரியில், அதாவது இருவரும் முழு மனதோடு எதிர்க்கும் சுதந்திரப் பயிற்சியில் போட்டார். குறைவான ஆயுதங்கள், ஆனால் தினமும் தீட்டப்பட்டவை. ஜூடோ வென்றது அதனால்தான்.

மணிக்கட்டுப் பூட்டையும் எதிர்ப்போடு பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். பிரேசிலிய ஜியு-ஜிட்சுவின் பெரிய போட்டி விதிகளில் பெரியவர்களுக்கு நீலப் பட்டையிலிருந்து அது அனுமதி. யாருடைய கையும் கழன்று விழவில்லை. வலித்தால் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்கிறார்கள், எதிராளி விட்டுவிடுகிறார். ஆனால் அவர்கள் அதை எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள். எதிராளியைத் தரையில் கிடத்தி, தோளையும் முழங்கையையும் உடம்பால் அழுத்திய பிறகு. நின்றபடி, அவன் ஓடவும் திரும்பவும் முடிகிற நிலையில் மணிக்கட்டை மட்டும் நம்புவது வேறு கதை.

ஐகிடோவின் கொதெ-கயெஷியை எடுத்துக்கொள்ளுங்கள். புறங்கையில் உங்கள் கட்டைவிரலை வைத்து, அவன் கையை வெளிப்பக்கமாக மடித்து வீழ்த்தும் எறி. அது நடக்க அவன் முழங்கை அவன் உடம்பைவிட்டு விலகியிருக்க வேண்டும். பயந்துபோன சாதாரண மனிதன் கையை யாராவது பிடித்தால் என்ன செய்வான்? முழங்கையை விலாவோடு ஒட்டி இழுப்பான். பூட்டு அங்கேயே செத்துவிடும். வியர்வையும் சேர்ந்தால் பிடியே வழுக்கிப் போகும். பாயில் கூட்டாளி பறப்பது எறியின் வலிமையால் மட்டும் அல்ல, மணிக்கட்டைக் காப்பாற்றிக்கொள்ள அவரே எடுக்கும் குட்டிக்கரணம் அது. அந்தக் குட்டிக்கரணம் தெரியாதவன் பறக்க மாட்டான்.

குத்துப்பை:
இதைத்தான் நான் இரண்டு வரியில் சொன்னேன். பல கலைக்காரர்களும் கூண்டுக்குள் மோதும் யூஎஃப்சி போட்டி 1993இல் டென்வரில் முதன்முதலாக நடந்ததிலிருந்து கூண்டுக்கதவு திறந்தே இருக்கிறது. ஐகிடோவை மட்டும் நம்பிப் போய் அங்கே பெயர் வாங்கியவர் யார், ஒருவரைச் சொல்லுங்கள்.

இரவுக்காவல்:
மருத்துவமனை ஒன்றில் காவல் வேலை பார்க்கிறேன். கூண்டுச் சண்டை எனக்கு வேண்டாத பேச்சு. மயக்க மருந்து தெளிந்தும் தெளியாமலும் ஒரு முதியவர் ஊசிக்குழாயைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து நர்ஸை அடிக்க வருகிறார் என்றால், குத்துப்பை அவர்களே, நீங்கள் அவர் தாடையிலா குத்துவீர்கள்? எனக்கு வேலை போகும், வழக்கும் வரும். அங்கே உதவுவது ஐகிடோவின் முதல் பிடி, 'இக்கியோ'. ஒரு கை மணிக்கட்டில், மறு கை முழங்கைக்குச் சற்று மேலே. முழங்கையை அவர் காதுப்பக்கமாகத் தள்ளி மெதுவாகக் கீழே கொண்டுவருவது. மணிக்கட்டைத் திருகாமல் முழங்கையை ஆள்வதால் கிழவர்களின் எலும்புக்கும் பழுதில்லை. அப்போதும் நான் தனியாகச் செய்வதில்லை. ஆளுக்கொரு கை என்று இரண்டு பேர். தனியாக ஒருவரைக் காயமில்லாமல் அடக்குவது எவ்வளவு கடினம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஹக்காமா:
நன்றி. நான் சொல்ல வந்தது இதுதான். சண்டை வேறு, தற்காப்பு வேறு. இருவரும் ஒப்புக்கொண்டு மோதுவதற்கு எங்கள் கலை உருவாகவில்லை. கூண்டில் யார் வென்றார் என்று கேட்பது கேள்வியே அல்ல.

குத்துப்பை:
நன்றி சொல்ல அவசரப்படாதீர்கள். அவர் சொன்னது நோயுற்ற முதியவர், கூட இன்னோர் ஆள். கேள்வி கேட்டவருக்கு இரவில் எதிர்ப்படப்போகிறவன் முதியவனும் அல்ல, துணைக்கு ஆளும் இருக்காது. உங்கள் கலகத் தடுப்புப் போலீசாரும் அப்படியே. தடியும் கேடயமும் பின்னால் ஒரு படையும் உண்டு.

கத்தியை எடுப்போம். உங்கள் வகுப்பில் கத்திக்காரன் வயிற்றை நோக்கி ஒரே ஒரு குத்து விட்டு உறைந்து நிற்பான். உண்மையில் ஒரு கையால் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தையல் இயந்திரம் மாதிரி குத்துவார்கள். தோமிகி வழியினர் இதைச் சோதிக்கவாவது துணிந்தார்கள். ஒருவரிடம் மெத்தென்ற போலிக் கத்தி, மற்றவர் வெறுங்கை, பிறகு பாத்திரம் மாறுவார்கள். அந்தப் போட்டிகளைப் பாருங்கள். வெறுங்கைக்காரர் எத்தனை குத்து வாங்குகிறார், பாடப்புத்தகத்து எறி எத்தனை அபூர்வமாக வாய்க்கிறது என்று தெரியும். தேர்ந்தவர்களுக்கே அந்தக் கதி. உயேஷிபாவின் தரப்பு அந்தப் போட்டி முறையையும் ஏற்கவில்லை.

ஹக்காமா:
கத்தியைக் கண்டால் ஓடு என்றுதான் நானும் சொல்லித்தருகிறேன். குத்துச்சண்டைக்காரர் மட்டும் கத்தியை எதிர்த்து நிற்பாரோ?

குத்துப்பை:
நிற்க மாட்டேன். ஆனால் கத்தியைப் பறிக்கும் பாடம் என்று சொல்லி எவரிடமும் கட்டணம் வாங்கியதில்லை.

நிலைக்கண்ணாடி:
உங்கள் பகையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் அஞ்சுவது கூண்டும் அல்ல, கத்திகூட அல்ல. யாராவது கையைப் பிடித்து இழுத்தால் என்ன செய்வது?

ஹக்காமா:
அதற்கு ஐகிடோவில் நேரடி விடை உண்டு. அவன் கட்டைவிரலும் மற்ற விரல்களும் சந்திக்கும் இடம் பிடியின் பலவீனம். கையை அந்தப் பக்கம் திருப்பி, முழங்கையை மடக்கி, உடம்பு முழுவதையும் சேர்த்து நகர வேண்டும். கையால் மட்டும் இழுத்தால் பலசாலியிடம் தோற்பீர்கள்.

பழைய ஜூடோ:
இதை மறுக்க மாட்டேன். ஆனால் இதற்குக் கறுப்புப் பட்டை தேவையில்லை, ஒரு மாலை போதும். கையை விடுவித்த அடுத்த நொடியில் அவன் மீண்டும் பாய்வானே, அதைப் பழகியிருக்கிறீர்களா என்பதே கேள்வி. கூச்சலிடுவது, ஓடுவது, அவன் கைக்கெட்டாத தூரத்தைக் காப்பது எல்லாம் அந்த நொடிக்குள் வர வேண்டும்.

வகுப்பில் சேருமுன் ஆசிரியரிடம் கேளுங்கள்: இங்கே கூட்டாளி விழ மறுத்தால் என்ன நடக்கும்? அவர் சிரித்துக்கொண்டே 'வாருங்கள், மறுத்துப் பாருங்கள்' என்றால் தாராளமாகச் சேருங்கள், கலையின் பெயர் எதுவாக இருந்தாலும். 'மறுப்பது மரியாதை அல்ல' என்று முகம் சுளித்தால் உடற்பயிற்சிக்கு நல்ல இடம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரவுக்காவல்:
உகேமியையும் கேளுங்கள், சகோதரி. விழும் பயிற்சி. நான் கற்றதில் அதிகம் பயன்பட்டது அதுதான், அதுவும் ஈரத்தரையில் வழுக்கியபோது. தெருச்சண்டையில் பலரைக் கொல்வது குத்து அல்ல, விழும்போது பின்மண்டை தரையில் மோதுவது.

ஹக்காமா:
என் வகுப்பில் யார் வேண்டுமானாலும் மறுக்கலாம். முதல் மாதம் முழுக்க விழத்தான் சொல்லித்தருவேன். அலுப்பாக இருக்கிறது என்று பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள்.

குத்துப்பை:
எங்களிடம் முதல் மாதம் கயிறு தாண்டுதல். அங்கேயும் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். மிச்சப் பேருக்கு இரண்டாம் மாதம் மூக்கில் அடி விழும், அதையும் சொல்லிவிடுகிறேன்.