எங்களுக்கு மாதம் இருபத்தொரு நாள்

கோபி பக்கத்து விவசாயி:

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில் அச்சடித்த தேதிக்குப் பக்கத்தில் பேனாவால் இன்னொரு எண் இருக்கும். 1 முதல் 21 வரை போய், மறுபடியும் 1. ஆனி மாதம் என் மனைவிக்கு மார்புப் புற்றுக்காகக் கீமோ ஆரம்பித்ததிலிருந்து எங்களுக்கு அந்த எண்தான் தேதி. கல்யாணமாகி 26 வருசம் ஆகிறது. இந்த ஆறு மாதத்தில்தான் ஒரு நாளை எண்ணிச் செலவழிக்கக் கற்றுக்கொண்டோம். அதைத்தான் எழுத வந்தேன்.

சித்திரையில் குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. வைகாசியில் கோவையில் ஆபரேஷன் செய்து மார்பை எடுத்தார்கள். கக்கத்து நெறிகளையும், அதாவது நிணநீர் முடிச்சுகளையும், எடுத்தார்கள். காயத்தில் ஊறும் நீர் வடிய ஒரு குழாயும் பையும் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தினமும் எவ்வளவு வடிகிறது என்று அளந்து எழுத வேண்டும். முப்பது மில்லிக்குக் கீழே இறங்கினால் குழாயை எடுத்துவிடலாம் என்றார்கள். பால் சொசைட்டிக்கு எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று எழுதும் நோட்டிலேயே அதையும் எழுதினேன். காலை 6 லிட்டர் 200, அதற்குக் கீழே 85 மில்லி. மறுநாள் 70. இன்றைக்கும் அந்த நோட்டைப் புரட்டினால் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன.

நெறி எடுத்த கையில் ஊசி போடக் கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கை வீங்கிவிடும் என்றார்கள். இடது கை வளையல்களைக் கழற்றி வலது கையில் போட்டுக்கொண்டாள். சுவரில் விரல்களை ஏற்றிப் போகும் பயிற்சி ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். ஆசாரத்துச் சுவரில் பையனுடைய உயரத்தை வருசா வருசம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தோம். அந்தச் சுவரில்தான் இவளும் ஏறினாள். தினமும் அவள் விரல் எட்டிய இடத்தில் நான் கோடு போடுவேன். முதல் நாள் பையனின் ஐந்து வயசுக் கோடு. பத்தாம் வகுப்புக் கோட்டைத் தாண்ட இருபத்து மூன்று நாள் ஆனது.

அப்புறம்தான் கீமோ. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, நான்கு தடவை. அதில் ஒரு மருந்து நல்ல சிவப்பு. ஏற்றிய அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதீர்கள் என்று முன்னாடியே சொல்லியிருந்தார்கள். சொல்லியும் அவள் பயந்துவிட்டாள். இரண்டு நாளைக்குக் கழிவறையில் இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும், அவள் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் பழகிப்போனது.

முதல் வாரம் வாந்தியும் அசதியும். தாளிக்கிற வாசமே ஆகாது. நான் வீட்டுக்குப் பின்னால் பொடக்காணியில் அடுப்பு வைத்துச் சமைத்தேன். இரண்டாவது வாரம் பார்க்க நன்றாக இருப்பாள், ஆனால் அதுதான் ஆபத்தான வாரம். வெள்ளணு குறைந்திருக்கும். தொட்டதெல்லாம் தொற்றிக்கொள்ளும். மாடு கட்டும் கட்டுத்தரைப் பக்கம் போகவே கூடாது. மூன்றாவது வாரம் அவள் மறுபடியும் அவளாக இருப்பாள்.

கட்டுத்தரைக்குப் போகாதே என்றதுதான் அவளுக்கு மார்பை எடுத்ததைவிடப் பெரிய இழப்பு என்று நினைக்கிறேன். மாடு அவள் கைக்கு மட்டும்தான் பழக்கம். நான் போய் உட்கார்ந்தால் பாலை அடக்கிக்கொண்டது. இரண்டு நாள் உதை வாங்கினேன். மூன்றாம் நாள் அவளே சன்னல் வழியாகச் சொன்னாள்: "ஏனுங்க, என்ற பழைய சீலையத் தோள்ல போட்டுக்கிட்டு உக்காருங்க." ஊதாக் கலர் நூல் சேலை. போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாடு தலையைத் திருப்பி முந்தானையை மோந்து பார்த்தது. காம்பைத் தொட்டேன். கொஞ்ச நேரத்தில் மடி இளகியது. அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். இன்றுவரை அந்தச் சேலையோடுதான் கறக்கிறேன். "தண்ணி காட்டிட்டீங்களா, தவிடு போட்டீங்களா" என்று தினமும் சன்னலிலிருந்து கேட்பாள்.

முதல் கீமோ முடிந்து பதினேழாம் நாள் முடி கொட்ட ஆரம்பித்தது. தலையணையெல்லாம் முடி. பையன் விட்டுப்போன ட்ரிம்மரால் நானே எடுத்துவிட்டேன். அடுத்த கீமோவுக்குப் பஸ்ஸில் போனோம். புளியம்பட்டியில் ஏறிய ஓர் ஆத்தா இவள் பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டைப் பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, பழனிக்கு முடி குடுத்தயா?" என்று கேட்டார். இவள் சட்டென்று "ஆமாங்காத்தா" என்றாள். ஆத்தா சந்தோசமாகி எந்த மாதம், என்ன வேண்டுதல் என்றெல்லாம் கேட்க, இவளும் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்னூர் தாண்டியதும் என்ன தோன்றியதோ, ஆத்தாவின் காதில் ஏதோ சொன்னாள். அவர் ஒன்றும் பேசவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்துத் திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து இவள் நெற்றியில் பூசிவிட்டார். காந்திபுரத்தில் இறங்கும்வரை இவள் கையை அவர் விடவில்லை.

சொந்தபந்தம் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் நோயாளியைப் பார்க்க ஒரம்பரை வராமல் இருக்காது. அன்பினால்தான் வருகிறார்கள். ஆனால் இரண்டாவது வாரத்தில் சளி பிடித்த குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்தால் என்ன செய்வது? ஆளுக்கொரு வைத்தியமும் வரும். முள்சீத்தா இலை, கோதுமைப் புல் சாறு, மஞ்சள் மாத்திரை. நான் மஞ்சள் வெள்ளாமை செய்கிறவன். மஞ்சள் மேல் எனக்கு மரியாதை உண்டு. டாக்டரிடம் கேட்டேன். குழம்பில் எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், மாத்திரையாகவோ சாறாகவோ எதையும் என்னைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், கீமோ மருந்தோடு மோதலாம் என்றார். அதற்குப் பிறகு எல்லோரிடமும், "மூணாவது வாரம் வாங்க, வெறுங்கையோட வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவளுடைய அக்கா கோபித்துக்கொண்டு ஒரு மாதம் பேசவில்லை. பரவாயில்லை. மறுபடியும் அதையேதான் செய்வேன்.

மூன்றாவது கீமோவின் பத்தாம் நாள் ராத்திரி உடம்பு சுட்டது. தெர்மாமீட்டரில் 100.8. பக்கத்து ஊர் கிளினிக்கில் பாராசிட்டமால் கொடுத்து, காலையில் பார்க்கலாம் என்றார்கள். நூறைத் தாண்டினாலே கூப்பிடச் சொல்லி கீமோ வார்டில் ஒரு நம்பர் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டதும், ஒரு நிமிசம்கூடத் தாமதிக்காமல் கிளம்புங்கள் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரில் ராத்திரி ஒரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். தொற்றை எதிர்க்கும் வெள்ளணுவான நியூட்ரோபில் 300. குறைந்தது 1,500 இருக்க வேண்டியது. ஐந்து நாள் நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக். விடிந்த பிறகு போயிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. கீமோ போடுகிறவர்கள் வீட்டில் காய்ச்சலுக்குக் காத்திருக்காதீர்கள். சிரிக்கட்டும், திட்டட்டும், கூப்பிட்டுவிடுங்கள்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மூன்றாவது வாரங்கள்தான். ஆடி 18 நோம்பி ஒரு மூன்றாவது வாரத்தில் விழுந்தது. சந்தகை வேண்டும் என்றாள். வாய்ப்புண் ஆறியிருந்தது. அவள் மாவு உருண்டையை அச்சில் போட, நான் அழுத்தினேன். தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி மூன்று தட்டு சாப்பிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம்தான், அத்தனை நாள் எனக்குக் காட்டாமல் சுவர்ப் பக்கம் திரும்பியே துணி மாற்றியவள், தழும்பில் எண்ணெய் தடவிவிடச் சொன்னாள். விரலால் தொட்டபோது தழும்பு கயிறு மாதிரி இறுகியிருந்தது. "வலிக்குதா அம்மிணி?" என்றேன். "மரத்துக் கெடக்குது, நீங்க தடவறது தெரியல, ஆனாத் தடவுங்க" என்றாள்.

இப்போது வேறு மருந்து. வாரம் ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. ஐந்து முடிந்திருக்கிறது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் ஜாக்கெட் ஊக்கு மாட்ட வருவதில்லை, நான்தான் மாட்டிவிடுகிறேன். காலண்டரில் இப்போது 7 வரைதான் எழுதுகிறேன்.

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி:

அண்ணா, உங்களுக்கு மூன்றாவது வாரமாவது இருந்தது. எங்களுக்கு இருப்பது சனியும் ஞாயிறும்தான்.

என் வீட்டுக்காரருக்குக் கன்னத்தில் புற்று. பனியன் கம்பெனியில் நைட் பார்க்கிறவர், தூக்கம் வராமல் இருக்கப் புகையிலையை அதக்கிப் பழகிவிட்டார். ஆபரேஷன் ஆகி இப்போது கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மொத்தம் 33. முகத்துக்கு அளவெடுத்து வலை மாதிரி ஒரு முகமூடி செய்து, அதைப் போட்டு மேசையோடு இறுக்கிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது பத்து நிமிசம். போய்வர நான்கு மணி நேரம். நான் பவர் டேபிள் டெய்லர். முன்பு ஒன்றரை ஷிப்ட் பார்ப்பேன், இப்போது மத்தியானத்துக்கு மேல் அரை ஷிப்ட். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருசத்துக்கு 5 லட்சம் வரை கிடைப்பதால் வைத்தியம் நடக்கிறது. பஸ்ஸுக்கும் வாடகைக்கும்தான் இந்த அரை ஷிப்ட்.

வாயெல்லாம் வெந்துபோய் மூக்கு வழியாக ட்யூப் வைத்திருக்கிறார்கள். மோர், அரைத்த கஞ்சி, பால், எல்லாம் ட்யூபில்தான். அதைவிட அவர் பேச முடியாமல் இருப்பதுதான் எங்களுக்குப் புதிது. ஓயாமல் பேசுகிற மனுசன். பாப்பாவின் சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் சண்டை போடுவதும் சிலேட்டில்தான். போன வாரம் எனக்குக் கோபம் வந்து அவர் எழுதியதைப் படிக்காமலே அழித்துவிட்டேன். பாவம், மறுபடியும் முதலிலிருந்து எழுதினார். 'நீ சாப்டயா' என்று எழுதியிருந்தார். அவர் வாயால் சாப்பிட முடியாதபோது அவர் எதிரில் நான் எப்படிச் சாப்பிடுவது என்று பாத்ரூமுக்குள் நின்றுகொண்டு பன் தின்கிறேன். அது அவருக்குத் தெரிந்துவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். வலிக்கிறதா என்றால் இவர் தலையாட்டி இல்லை என்றே சொல்கிறார். உங்கள் வீட்டில் அக்கா சொல்லிவிடுவாரா? சொல்லாவிட்டால் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பொள்ளாச்சியிலிருந்து:

நீங்கள் இருவரும் பக்கத்தில் இருந்து பார்க்கிறவர்கள். நான் படுத்திருக்கிறவள். எனக்குப் பெருங்குடலில். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை மருந்து ஏற்றி, மிச்சத்தை ஒரு பிளாஸ்டிக் பந்தில் அடைத்து இடுப்பில் கட்டி அனுப்புகிறார்கள். 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்கும். தூங்கும்போது அதன் குழாயை நான் இழுத்துவிடுவேனோ என்று வீட்டுக்காரர் இரண்டு ராத்திரியும் தூங்கமாட்டார்.

இந்த மருந்துக்குக் குளிர் ஆகாது. பச்சைத் தண்ணீரைத் தொட்டால் விரலில் ஊசி குத்தும், குடித்தால் தொண்டையை நெரிக்கும். எவர்சில்வர் டம்ளரைக்கூட அவர் சுடுதண்ணீரில் முக்கித் துடைத்துத்தான் என் கையில் கொடுக்கிறார். அதை நினைத்தால் அழுகை வருகிறது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். நல்ல நாளிலும் என்னை எதையும் செய்ய விடாமல் எல்லா வேலையையும் அவர் பிடுங்கிக்கொண்டார். வெங்காயம் உரிக்கக்கூட விடவில்லை. ஒரு நாள் சத்தம் போட்டேன். மறுநாள் ஒரு படி சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து பேசாமல் என் முன்னால் வைத்தார். அன்றைக்குத்தான் இந்த வீட்டில் நான் இருக்கிறேன் என்று தோன்றியது. சிலேட்டில் எழுதுகிற அந்தத் தம்பியிடம் ஏதாவது வேலை கொடு தங்கச்சி. பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லித்தரட்டும், சிலேட்தான் கையில் இருக்கிறதே. நீ சாப்பிடுவதை அவர் எதிரிலேயே சாப்பிடு. கேட்டுக்கொண்டே இருப்பவருக்கு அதைப் பார்த்தால்தான் நிம்மதி.

கோபி பக்கத்து விவசாயி:

பொள்ளாச்சி அக்கா, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. நானும் பிடுங்கிக்கொண்டவன்தான். இன்று ரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை நன்றாக இருக்கிறது. டாக்டரிடம் கேட்டேன், முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, சாணியைத் தொடாமல், பத்து நிமிசம் மாட்டுக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்றார். நாளைக் காலையில் கூட்டிப்போகிறேன்.

திருப்பூர்த் தங்கச்சி, இவளும் சொல்லமாட்டாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பதுதான் பதில். அதனால் நான் கேட்பதை விட்டுவிட்டேன். காய்ச்சல் வந்த அன்று சாயங்காலம் ஒன்று நடந்தது, அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் கறந்து முடித்து வந்தபோது, மாட்டுக்குத் தண்ணி காட்டினீர்களா என்று அவள் கேட்கவில்லை. நானும் வேலை முடிந்தது என்று போய்ப் படுத்துவிட்டேன். இப்போதெல்லாம் சன்னலில் சத்தம் வரவில்லை என்றால் பால் சட்டியை அப்படியே வைத்துவிட்டு தெர்மாமீட்டரைத் தேடுகிறேன். உங்கள் வீட்டுக்காரர் 'நீ சாப்டயா' என்று எழுதாத நாளைக் கவனியுங்கள்.

இன்று சாயங்காலம் மூன்று தடவை கேட்டுவிட்டாள். மூன்றாவது தடவை நான் தண்ணி காட்டிக்கொண்டிருக்கும்போதே.